ஒரு கேஸ், ஒருவேளை இரண்டு

செலின் மேரிக்குப் பதினான்கு வயதானபோது அவள் அப்பா தனிஸ்லாஸ் பங்காளி அல்போன்ஸ் மீது வழக்குப் போட்டார். வில்லியனூரை அடுத்த மாதா கோயில் ஊரில் அவர்களுக்கு ஒன்றரைக் காணி நஞ்செய் இருந்தது. வாய்க்காலை ஒட்டிய வரப்பை அல்போன்ஸ் மூன்று முழம் தள்ளிக் கட்டிவிட்டான் என்பது புகார். அது பிரெஞ்சுக்காரர் காலம். வழக்கை 'ப்ரொசே' என்றுதான் வீட்டில் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர் போனார்கள். கோர்ட்டில் ஆட்கள் மாறினார்கள், காகிதங்களின் பாஷை மாறியது. ப்ரொசே 'கேஸ்' ஆயிற்று. வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தனிஸ்லாஸ் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"கேஸு முடியட்டும். முடிஞ்சதும் பண்ணிக்கலாம்."

முதலில் பாகூரிலிருந்து ஒரு வாத்தியார் வீடு வந்தது. அடுத்து நெல்லித்தோப்பிலிருந்து ஒரு மில் வேலைக்காரர். அப்புறம் வருவது குறைந்தது. இருபத்துமூன்று வயதில் செலின் மேரி தானாகவே பாதிரியாரிடம் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு, பாண்டி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அப்பா தடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகும் நாட்களில் மகள் கையால் ஒரு டீ கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம்.

பயிற்சியின் முதல் வாரத்தில் பெரிய நர்ஸ் வார்டு வாசலில் நின்று, "புது கேஸ் வந்திருக்குது, யாராவது ஒருத்தி வா" என்று கூப்பிட்டார். செலின் மேரி போனாள். கட்டிலில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வேறு எங்கேயோ யாரோ காகிதக் கட்டோடு நிற்பார்கள் என்று எண்ணி அவள் வராந்தாவை எட்டிப் பார்த்ததைப் பெரிய நர்ஸ் கண்டுவிட்டார்.

"அங்க இன்னாடி பாக்குற? கேஸு இங்க கெடக்குது."

பத்து நாளில் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேஸ்தான். காய்ச்சல் கேஸ், பாம்புக்கடி கேஸ், முடியாத கேஸ். பிரசவத்துக்கு வந்தவள் கேஸ். வீட்டுக் கேஸைப் போல இவை வருஷக்கணக்கில் இழுப்பதில்லை. வந்த அன்றோ மறுநாளோ ஏதாவது ஒரு வழியில் முடிந்துவிடும். அதனாலேயே அவளுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று.

அறுபத்துமூன்றில் கிருமாம்பாக்கத்தில் வேலை போட்டார்கள். கடலூர் ரோட்டின் மேலேயே இரண்டு அறை உள்ள ஓட்டுக் கட்டடம். முன் அறையில் மேசை, எடை பார்க்கும் தராசு, பதிவேடு. பின் அறையில் அவள். சுற்றுவட்டத்தில் ஏழெட்டு ஊர், கிழக்கே கடற்கரையில் பனித்திட்டு வரைக்கும் அவள் பார்க்க வேண்டும். கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பிலும் மணலிலும் நடந்தாள். ஜனங்கள் அவளை நர்ஸம்மா என்றார்கள். அவள் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் வாயில் ஏறியது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "இன்னா நர்ஸம்மா, காலையிலயே கேஸா?" என்பார்கள்.

அவள் இங்கே வந்த இரண்டாம் வருஷம் தனிஸ்லாஸ் இறந்துபோனார். அடக்கம் முடிந்து முப்பதாம் நாள், அவள் தம்பி மரியதாஸ் அல்போன்ஸ் சித்தப்பாவோடு உட்கார்ந்து பேசி, வரப்பை ஒன்றரை முழம் நகர்த்தி வைத்து விவகாரத்தை முடித்துவிட்டான். ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. செலின் மேரிக்கு அப்போது இருபத்தெட்டு. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

கிருமாம்பாக்கத்தில் வாடகைக்கு ஓடிய கார் ஒன்றே ஒன்றுதான். பாண்டியில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் கப்பலேறும்போது விட்டுப்போன பழைய வண்டி. அதை இருசப்பன் ஓட்டினான். அவனைப் பற்றிக் கேட்டால் ஊரில், "அவன் ஒரு மாதிரி கேஸு" என்பார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, பிணம் என்று எதற்கும் மறுக்காமல் வருவான். ஆனால் எப்போது எங்கே போகிறான் என்று பெண்டாட்டி வள்ளியம்மாளுக்குக்கூடத் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இந்தப் பக்கம் கடை திறந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் கார் வைத்திருப்பவன் எங்கே போவான் என்பது ஊருக்குத் தெரியாததல்ல.

அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசி. மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மத்தியானம் பனித்திட்டிலிருந்து ஆள் வந்து, காசம்மாள் மருமகள் அமுதத்துக்கு வலி எடுத்துவிட்டது என்றான். செலின் மேரி போய்ப் பார்த்தாள். அமுதத்துக்குத் தலைப்பிரசவம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வயிறு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். இடப்பக்கம் ஒரு துடிப்பு. குழலை நகர்த்தினாள். மேலே வலப்பக்கம் இன்னொன்று இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கூரை மேல் மழை விழும் சத்தத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"இங்க வெச்சிப் பாக்கறது நல்லதில்ல. கடலூருக்கு இட்டுகினு போவணும்" என்றாள்.

மாமியார் காசம்மாள், "நாங்கல்லாம் எந்த ஊருக்குப் போயி பெத்தோம்?" என்றாள். அமுதத்தின் புருஷன் அவளை அடக்கிவிட்டு இருசப்பனைக் கூட்டிவர ஓடினான்.

இருசப்பன் தயங்கினான் என்று பிற்பாடு சொன்னார்கள். டிக்கியை ஒரு தரம் பார்த்தானாம், பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தானாம். செலின் மேரிக்கு அதெல்லாம் தெரியாது. அமுதத்தைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தான் கீழே குந்திக்கொண்டு, ஜன்னல்களில் காசம்மாளின் புடவையைக் கட்டித் தொங்கவிட்டாள். அமுதத்தின் புருஷனுக்கும் காசம்மாளுக்கும் பணம் புரட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் வருகிறோம் என்றார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்னால் கண்ணாடி இடிபடும் சத்தம் கேட்டது. தன் பையிலிருக்கும் மருந்துப் பாட்டில்கள் என்று நினைத்தாள். பை அவள் மடியில்தான் இருந்தது. அதை யோசிக்கிற நேரமாக அது இல்லை.

எல்லைச் சாவடியில் கழி குறுக்கே கிடந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த ஏட்டு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து முன்பக்கம் குனிந்தார்.

"வண்டியில இன்னா?"

இருசப்பன் வாயைத் திறக்கவில்லை. கைகள் ஸ்டீரிங்கிலேயே இருந்தன. நேரம் போகிறதே என்று செலின் மேரிக்குப் பொறுக்கவில்லை. புடவைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"கேஸு இருக்குதுபா! சீக்கிரமா வுடு!"

ஏட்டு தம் இருபது வருஷ வேலையில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தினி?" என்றார்.

அக்கறையாகத்தான் கேட்கிறார் என்று செலின் மேரி எண்ணினாள். "ஒண்ணுன்னு நெனச்சிதான் ஏத்துனேன். பாத்தா ரெண்டா இருக்கும்போல இருக்குது."

"எங்க போவுது?"

"கடலூருக்கு. டாக்டரு போறதுக்குள்ள போயி சேரணும்."

"டாக்டருக்கா?" என்றார் ஏட்டு. சாவடியைப் பார்த்துக் கையசைத்தார். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. வைக்கோலைக் கலைத்தார்கள். மரப்பெட்டி ஒன்று, பன்னிரண்டு பிராந்தி பாட்டில். பிராந்தி விற்கிறவர்கள் கணக்கில் அது ஒரு கேஸ்.

ஏட்டு மறுபடியும் முன்னால் வந்தார். "ஒரு கேஸுதான் இருக்குது. இன்னொண்ண எங்கடா எறக்கின?"

செலின் மேரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னும் ஒண்ணுகூட எறங்கலய்யா! எறங்கறதுக்குள்ள வுடுன்னுதான சொல்லிகினு இருக்குறேன்!"

அப்போது அமுதம் கத்தினாள். ஏட்டு புடவையை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே மூடினார். அவருடைய முகம் மாறிப்போயிருந்தது. ஆனால் பெட்டி வெளியே வந்துவிட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்துவிட்டார்கள், சாவடியில் நின்ற ஒரு லாரிக்காரனும் பார்த்துவிட்டான்.

"பொட்டிய எடுத்துக்கோ, வண்டிய வுடு" என்றாள் செலின் மேரி.

"வண்டிய வுடலாம்மா. இவன எப்படி வுடறது?"

"சரி, இவன புடிச்சிக்கோ."

"வண்டிய யாரு ஓட்டறது?"

போலீஸ்காரர்களில் கார் ஓட்டத் தெரிந்தவர் யாருமில்லை. லாரிக்காரனைக் கேட்டார்கள். லாரியை விட்டு வரமாட்டேன் என்றான். இன்ஸ்பெக்டருக்கு ஆள் அனுப்ப சைக்கிளைத் தேடினார்கள். இதற்குள் அமுதத்துக்கு இடைவெளி இல்லாமல் வலி வந்தது. செலின் மேரி பேச்சை விட்டுவிட்டாள். பையைத் திறந்து, கத்தரியையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே போலீஸ்காரர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டி நனைந்துகொண்டு நிற்க, சாவடிக் கழிக்கு ஐந்து முழத்துக்கு இந்தப் பக்கம் முதல் குழந்தை பிறந்தது. பெண். நன்றாக அழுதது. ஏட்டின் சாக்குக்குள்ளிருந்து ஒரு துண்டு வந்தது. அதில்தான் சுற்றினாள்.

வயிறு இன்னும் பெரிதாகவே இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். இரண்டாவது குறுக்கே கிடந்தது. இதை வண்டியில் வைத்து எடுக்க அவளால் முடியாது.

"ஏட்டய்யா, ஒண்ணு பொழச்சிது. இன்னொண்ணு உன் கையில இருக்குது" என்றாள்.

ஏட்டு அதற்கு மேல் யோசிக்கவில்லை. இருசப்பனின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுடா" என்றார். சாவடியில் போனது முக்கால் மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். இரண்டாவதை எடுத்தார்கள். ஆண். நீலம் பாரித்திருந்தது. தட்டியும் ஊதியும் பார்த்ததில் மூச்சு வந்தது. ஆனால் அழவில்லை. இரண்டு நாள் இருந்தது, மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. செலின் மேரி டாக்டரிடம், முக்கால் மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டாள். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அது குறுக்கே கிடந்த பிள்ளை" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

பனித்திட்டுக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் காசம்மாள் தெருவில் வைத்துச் சொன்னாள். "உன் வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா அவன் வுட்டிருப்பான்." செலின் மேரி நின்று கேட்டுக்கொண்டாள். அமுதம் மட்டும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பெண் குழந்தையை அம்மை குத்தக் கொண்டுவந்தாள், எடை பார்த்தாள், போனாள்.

அதன் பிறகு ஒரு மாதம் செலின் மேரி அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்து பார்த்தாள். 'பிரசவம்' என்றாள், 'புள்ளத்தாச்சி' என்றாள். ஆனால் மேலதிகாரி பதிவேட்டைப் பார்க்க வந்து, "இந்த மாசம் எத்தனை கேஸ்?" என்றார். "ஒன்பது கேஸு சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாசி மாதம் கடலூர் கோர்ட்டிலிருந்து அவளுக்குச் சம்மன் வந்தது. சர்க்கார் தரப்புச் சாட்சி. சம்மன் வந்த மறுநாள் வள்ளியம்மாள் வந்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். வயிற்றைப் பார்க்க வந்தது போலப் படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரெண்டு கேஸு கடத்துனான்னு எழுதிட்டாங்க நர்ஸம்மா. ரெண்டுன்னா ஆறு மாசமாம். நீங்கதான் ரெண்டுன்னு சொன்னீங்களாம்."

"நான் சொன்னது வேற."

"அத நீங்கதான் சொல்லணும். இன்னொண்ணு. அந்தப் பொட்டி ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டுன்னு சொல்லிட்டா அதுவும் இல்லாம பூடும்னு வக்கீலு சொல்றாரு."

செலின் மேரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "உம் புருஷன் பிராந்தி பொட்டியோட ஒரு புள்ளத்தாச்சிய படுக்க வெச்சி இட்டுகினு போனான். அத நான் ஸ்பிரிட்டுன்னு சொல்ல மாட்டேன், வள்ளியம்மா."

வள்ளியம்மாள் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு வயிற்றைக் காட்டவும் வரவில்லை.

சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, அப்பா பதினான்கு வருஷம் ஏறி இறங்கிய இடம் இப்படித்தான் இருக்கும் போல என்று செலின் மேரிக்குத் தோன்றியது. சர்க்கார் வக்கீல் ஏட்டின் குறிப்பைப் படித்தார். வண்டியில் கேஸ் இருக்கிறது என்று சொன்னீர்களா? சொன்னேன். எத்தனை என்று கேட்டதற்கு, ஒன்று, ஒருவேளை இரண்டு என்றீர்களா? ஆமாம். டாக்டருக்குப் போகிறது என்றீர்களா? ஆமாம். வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "கேஸ் என்று நீங்கள் எதைச் சொன்னீர்கள்?"

"அமுதத்த சொன்னேங்கய்யா. பிரசவத்துக்கு இட்டுகினு போன பொண்ணு. எங்க வேலையில அப்படித்தான் சொல்லுவோம்."

"அப்படியானால் இரண்டாவது?"

"அது அவ வயித்துல இருந்த ரெண்டாவது கொழந்த. குழல் வெச்சிப் பாத்தேன். மழையில சரியா கேக்கல. அதனாலதான் நிச்சயமா சொல்லல."

"அந்தக் குழந்தை?"

"மூணாம் நாளு பூடுச்சிங்க."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்தி, இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் சொன்னார். அதிலும் அந்தச் சொல் இரண்டு தரம் வந்தது. இருசப்பனின் வக்கீல் எழுந்து, பெட்டியில் இருந்தது ஸ்பிரிட்டாக இருக்கலாமல்லவா என்று கேட்டார். "ஸ்பிரிட்டு அந்த மாதிரி பாட்டில்ல வராது" என்றாள் செலின் மேரி. பாட்டில் சத்தம் கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்றாள். என்னவென்று நினைத்தீர்கள்? "என் பையின்னு நெனச்சேன். பை என் மடியிலதான் இருந்துச்சி. நெனச்சது தப்பு."

ஏட்டும் சாட்சி சொன்னார். இரண்டாவது பெட்டியைத் தாம் கண்ணால் பார்க்கவில்லை, நர்ஸம்மா சொன்னதை வைத்தே எழுதியதாகச் சொன்னார். இரண்டாவது பெட்டி தள்ளுபடி ஆயிற்று. ஒரு பெட்டிக்கு மூன்று மாதம். வண்டியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

வண்டி போனது எல்லாருக்கும் நஷ்டம். அந்த வருஷம் முழுக்கக் கிருமாம்பாக்கத்துக்குக் கார் இல்லை. ஆடி மாதம் ஒருத்தியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு செலின் மேரி பாகூர் வரை கூடவே நடந்தாள். அந்தப் பெண் பிழைத்தாள். இன்னொருத்திக்கு வண்டி கிடைக்கவில்லை, பஸ்ஸை நிறுத்தி ஏற்றினார்கள். கண்டக்டர் கேட்காமலே பெண்களையெல்லாம் முன்னால் தள்ளிவிட்டுப் பின் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தான்.

இருசப்பன் வைகாசியில் வெளியே வந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆவணி மாதம் ஒரு காலையில் வாசலில் வந்து நின்றான்.

"வள்ளியம்மாளுக்கு வலி எடுத்துடுச்சி நர்ஸம்மா."

"எப்பலேந்து?"

"கோழி கூவுறப்பலேந்து."

"அவ என்னைக் கூப்பிடச் சொன்னாளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். வரப்பில் அவன் முன்னாலும் அவள் பின்னாலுமாக நடந்தார்கள். பாதி வழியில் திரும்பாமலே சொன்னான்.

"புள்ளத்தாச்சி இருக்குற வண்டிய எவன் தொறந்து பாப்பான்னு நெனச்சேன். அதனாலதான் அன்னிக்கு பொட்டியோடயே வண்டிய எடுத்தேன். இல்லன்னா பொட்டிய எறக்கி வெச்சிட்டு வந்திருப்பேன்."

செலின் மேரி பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத அமுதத்துகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"சொல்லணும்" என்றான்.

வள்ளியம்மாள் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த வலியில் கையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்கு முன்னால் பையன் பிறந்தான். சிக்கல் எதுவும் இல்லை. இருசப்பன் பனித்திட்டுக்குப் போனானா என்று செலின் மேரி விசாரிக்கவில்லை. அவன் பிறகு லாரி ஓட்டப் போனான். வடக்கே எங்கெங்கோ போய், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வருவான்.

செலின் மேரி கிருமாம்பாக்கத்தில் இன்னும் பத்து வருஷம் இருந்தாள். எழுபத்தெட்டில் செல்லிப்பட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆற்றில் தண்ணீர் வந்தால் அக்கரைக்குப் போக முடியாது. மாதம் நெருங்கியவர்களை மழைக்கு முன்னாலேயே இக்கரைக்குக் கொண்டுவந்து சொந்தக்காரர் வீட்டில் வைக்க வேண்டும் என்று அவள் வற்புறுத்தினாள். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். இரண்டு மழைக்காலம் போன பிறகு எல்லாரும் கேட்டார்கள்.

தொண்ணூற்றைந்தில் ஓய்வு பெற்று, தம்பி மரியதாஸ் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டிக்கொண்டாள். பிரசவம் பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டாள். இருந்தாலும் பெண்கள் வருவார்கள். படுக்கச் சொல்லி வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். மாதத்தைச் சொல்லுவாள், தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லுவாள். அப்புறம் வில்லியனூர் பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது, ராத்திரியில் வலி வந்தால் யார் வீட்டில் வண்டி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள்.